கழுவிய மைக்கூடு

கண்டி, 8-9-1943

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்கிறேன். பந்தல்குடியில் மழை உண்டா? நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. துரையின் மேசையில் நீலப்பூ வரைந்த, இருநூறு வருஷத்துச் சீமைப் பீங்கான் மைக்கூடு ஒன்று உண்டு. உள்ளே மை காய்ந்து அப்பியிருந்ததால் நம் வீட்டு வழக்கம்போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். துரை விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். திட்டவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, சண்டையில செத்தாரே அவுக மகன், அவரு கடைசியா தொட்டு எழுதுன மை அது," என்றான் சமையல்காரன் பால்பாண்டி.

நம் பிள்ளை எஸ்தரை அடக்கம் பண்ணக்கூட நான் வரவில்லை. காய்ச்சலில் அவள் உடுத்தியிருந்த பாவாடையைத் துவைக்காதே. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். ஏற்கெனவே துவைத்துவிட்டிருந்தால் அதை எனக்கு எழுத வேண்டாம்.

தாவீதுராஜ்