வீட்டில் யாரோ விளையாடுகிறார்கள்

கல்முனைக்குடி
12.02.1983

அன்பு மகன் முத்தலிப்புக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். றப்பின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் தோஹாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். அங்கே இப்போது குளிர் என்று எழுதியிருந்தாய், விடியலில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்னதிலிருந்தே தடிமன் பிடித்தால் விடாது. அங்கிருந்து லீவில் வந்த பக்கீர் கொண்டுவந்து தந்த சாமான்கள் எல்லாம் பத்திரமாகக் கிடைத்தன. சட்டைத்துணி தங்கச்சி றாஹிலாவுக்கு நல்ல பிடித்தம். நாவிதன்வெளி வெள்ளாமை இந்தமுறை பிழையில்லை, கடைசி மழை கொஞ்சத்தைச் சாய்த்துப்போட்டது, மற்றப்படி சூடடித்து நெல்லைக் கொண்டுவந்து உள்ளறையில் அடுக்கியாகிவிட்டது. வாப்பா இப்போது வீட்டில்தான். அவரைப்பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்குமுன் நீ அனுப்பிய அந்த விளையாட்டுப் பெட்டியைப்பற்றிச் சொல்லவேண்டும்.

மகன், அந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஐமிச்சம்தான். உள்ளங்கை அளவு சாமான், அதற்குள் ஒரு கறுத்த மனிசன், முகமும் இல்லை. மூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் மிதக்கிற பலகைகளில் கால்வைத்து அக்கரைக்குப் போகிறான், முதலை வாயைத் திறந்துகொண்டு வருகிறது. கொண்டுபோய் வைத்தால் ஒரு எண் கூடுகிறது, உடனே திரும்பிவந்து அடுத்த மூடையைத் தூக்குகிறான். மூன்றுதரம் ஆற்றில் விழுந்தால் ஆட்டம் போச்சு. பெட்டியோடு வந்த இங்கிலீசுத் தாளைப் பின்வளவு யூஜினி ரீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எப்படி விழுவது என்று எழுதியிருக்கிறானாம், எப்படி முடிப்பது என்று ஒரு வரி இல்லையாம். நீ வேலை செய்கிற கடையில் மாதத்துக்கு ஒரு புதுமாதிரி வந்து இறங்குகிறது, கடை திறக்கமுதல் சனம் வந்து நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உரல் கொத்துகிறவன் மாதம் ஒரு உரலா நம் தலையில் கட்டுகிறான்? நல்ல சாமான் என்றால் ஒன்று போதும்தானே. போதாமல் இருக்கவேண்டும் என்றே செய்கிறார்கள் போலத் தெரிகிறது.

இவ்வளவும் சொல்கிற நான் அதைத் தொட்டிருக்கக்கூடாது. றாஹிலா பள்ளிக்கூடம் போனபிறகு, பகல் சோற்றை வடித்துவிட்டு, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று எடுத்தேன். கீழே வைக்கும்போது பின்னேரத்து அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மனிசன் பலகை தாண்டும்போது எனக்கு மூச்சு நிற்கிறது. ஆகக்கூடுதலாக எடுத்த எண்ணைப் பெட்டி தன் மூலையில் வைத்துக்கொள்ளும். என்னுடையது நூற்றெண்பது வரைக்கும் போனது. றாஹிலாவால் நூறைத் தாண்டமுடியவில்லை, எனக்குப் பெருமைதான். ஆனால் ஒருநாள் பார்த்தால் மூலையில் இருநூற்றுப்பத்து நிற்கிறது. றாஹிலாவைப் பிடித்துக் கேட்டேன், அல்லாஹ் அறிய நான் இல்லை உம்மா என்றாள், அழவும் தொடங்கிவிட்டாள். ரீச்சர் சீனி கேட்டு வந்துபோகிறவதானே என்று அவவின்மேலும் சந்தேகப்பட்டேன். கேட்டதற்கு, "எனக்குக் கொப்பி திருத்தவே நேரமில்ல சபியாக்கா" என்று கொஞ்சம் மனம் நொந்துதான் போனா. அதற்குள் எண் இருநூற்றைம்பது. அப்போதுதான் கம்பெனிக்காரன்மேல் ஐமிச்சம் திரும்பியது. நம்மை ரோசப்படுத்தி விளையாடவைக்க, இந்த எண்ணைத் தானாக ஏறும்படி செய்து வைத்திருக்கிறானோ என்று. பசாருக்குப் போனபோது மணிக்கூடு திருத்துகிற பெனடிக்கிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது தானா ஏறாது அக்கா, உங்கட வூட்டுல ஆரோ விளையாடுறாங்க" என்றார்.

உன் வாப்பாவை நான் நினைக்கவே இல்லை மகன். எப்படி நினைப்பேன். வயலைப் பார்க்க ஒருத்தன் வேண்டும் என்று அவர் சொல்லச்சொல்ல நீ விமானம் ஏறிப்போனதிலிருந்து உன் பெயரை அவர் வாயால் எடுப்பதில்லை. நீ அனுப்பிய சாரம் மடிப்புக் குலையாமல் அலுமாரியில் கிடக்கிறது. என் கடிதங்களில் அவருடைய சலாம் இல்லாததை நீயும் கேட்டதில்லை, நானும் எழுதியதில்லை. இந்தப் பெட்டி வந்த அன்றும், "அந்தச் சாமான் என்ட கண்ணுல படப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குத் தொழப் போனார். விளையாடுகிற ஆளைக் கையோடு பிடிக்க மற்றவர்களுக்குச் சொன்ன பொய்யையே அவருக்கும் சொன்னேன், சம்மாந்துறைக்கு ஸைனம்பு சாச்சியைப் பார்க்கப் போகிறேன், பின்னேரம்தான் வருவேன் என்று. பஸ் நிலையம்வரை போய் நின்றுவிட்டு, திரும்பி ரீச்சருடைய வளவால் வந்து குசினிக் கதவால் உள்ளே வந்தேன். பெட்டி வைத்த இடத்தில் இல்லை. உள்ளறையில் கிக் கிக் என்று சத்தம். கதவை மெல்லத் தள்ளினால், உன் வாப்பா அச்சிமுகம்மது போடியார் நெல்மூடைக்குமேல் சம்மணம்கட்டி, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என்ன இது என்று கேட்க வாயெடுத்தேன். தலை நிமிராமல், "கதையாத புள்ள, ரெண்டுதரம் விழுந்திட்டான்" என்றார்.

நான் பக்கத்து மூடையில் இருந்தேன். கொஞ்சநேரத்தில் மூன்றாவது தரமும் விழுந்தான். வாப்பா பெட்டியை மடியில் வைத்துவிட்டுத் தொப்பியை முன்னுக்கு இழுத்துவிட்டார். பிறகு சொன்னார், "இதச் செய்தவனுகள்ள நோக்கம் சரியில்ல. நான் எல்லா மாதிரியும் பாத்திட்டன், மெதுவாப் போனாலும் சரி, கெதியாப் போனாலும் சரி, இவன ஒருநாளும் வூட்ட போக விடுறானுகள் இல்ல. சுமக்கச் சுமக்க வேகம்தான் கூடுது. நம்மட வயல்ல கூலிக்கு வாறவனும் பொழுதுபட்டா வூட்ட போவான்." அது விளையாட்டுத்தானே என்றேன். "விளையாட்டெண்டா ஒரு முடிவு வேணும்" என்றார். நான் எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தேன், அப்போது பின்னாலிருந்து, "முத்தலிப்புட்டக் கேட்டு எழுது" என்றார். நான் திரும்பிவந்து மூடையில் இருந்துவிட்டேன் மகன். உன் பெயரை அவர் சொல்லி இரண்டு வருடம். என்ன கேட்க என்றேன். "இத விக்கிற கடையிலதானே நிக்கிறான், அவனுக்குத் தெரியும். ஆராவது இத முடிச்சிரிக்கானுகளா எண்டு கேளு." பெட்டியைத் திரும்பக் கையிலெடுத்தபடி, "அவனுக்கு அங்க லீவு எப்ப குடுப்பானுகள் எண்டும் கேளு" என்றார்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னேரம் றாஹிலா வந்ததும் அவளிடமும், வேலியடியில் ரீச்சரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ரீச்சர் சிரித்துவிட்டு, அப்போ ஒருநாள் நானும் விளையாடிப் பார்க்கட்டுமா என்றா. அடுத்தமாதம் வருகிற புதுமாதிரியை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம், இதை முடிக்காமல் இன்னொன்று என்னத்துக்கு என்று வாப்பா சொல்கிறார். பெட்டிக்குப் பற்றறிமட்டும் அங்கிருந்து ஆள்வந்தால் கொடுத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹோட்டல் சோற்றை நம்பி இருக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஆயுளையும் உழைப்பையும் பறக்கத்தாக்கி, உன்னை ஈமானோடு எங்கள் வாசலுக்குத் திருப்பித் தருவானாக. ஒன்றைமட்டும் மறந்துவிடாதே மகன். வாப்பா கேட்ட இரண்டுக்கும் பதிலை எனக்கு எழுதாதே, உறையில் அவருடைய பெயரைப் போட்டு அவருக்கே எழுது. தபால்காரன் அவர் கையில் கொடுக்கட்டும்.

வாப்பாவின் சலாம். றாஹிலாவின் சலாம்.

இப்படிக்கு
உன் உம்மா
சபியா உம்மா