என் சிஸ்டத்து ரேம்

ஆகஸ்ட் 18

இன்றும் ஹேங். கல்யாண வாழ்த்து ஃப்ளெக்ஸ், மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்பது தலை. வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன், பாதியில் திரை வெளுத்து நின்றுவிட்டது. ஓனர் துரைராசு, ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த பார்ட்டி எதிரிலேயே, "நீ ரொம்ப ஸ்லோம்மா" என்றார். நாலு வருஷமாக இந்தக் கடையில் டிசைனர், இதுவரை கேட்காத பேச்சு. பக்கத்து சிஸ்டத்தில் அவர் மச்சினன் பரணிதரன் சிரித்தான். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போட்டோஷாப்பில் அந்தப் பல்லை அழிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது.

ஆகஸ்ட் 20

"ஆவணி முகூர்த்தம் முடிஞ்சா ஒரு டிசைனர் போதும். யாரு வேகமோ அவங்க இருங்க." துரைராசு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 21

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 98 சதவீதம். எதுடா இப்படித் தின்கிறது என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது: மொத்தமே 8 ஜிபி. மெமரிக்கு ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. சித்திரையில் இரண்டு ரேம் போட்டபோது நான் பக்கத்தில்தானே நின்றேன்?

பரணி டீ குடிக்கப் போனதும் அவன் சிஸ்டத்தைப் பார்த்தேன். அவனுக்கு வாங்கியது ஒன்று. இப்போது இரண்டு இருக்கிறது. திருட்டுப் பய.

ஆகஸ்ட் 22

துரைராசுவிடமே கேட்டேன். "ஆமா, நான்தான் மாத்தச் சொன்னேன். வேகமா செய்யறவனுக்குத்தானே குடுக்கணும்?"

என்னோடதைப் புடுங்கி அவனுக்குக் குடுத்துட்டு, அவன் வேகமாம்! மனுசனா இவரு?

ஆகஸ்ட் 25

காலையில் கடை திறப்பது நான்தான். பரணி சிஸ்டத்திலிருந்து என் ரேமைக் கழற்றி என்னுடையதில் போட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் பரணி சிஸ்டம் ஹேங். துரைராசு ஓடி வந்தார். எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்வார் என்று காத்திருந்தேன். "சிஸ்டத்துல ஏதோ கோளாறு, நீ எந்திரிப்பா" என்றார். சாயங்காலமே புது ரேம் வந்தது. சிஸ்டத்தைத் திறந்து பார்த்ததில் நான் எடுத்தது தெரிந்தும், அதைத் திருப்பிக் கேட்காமல் புதிதாகவே வாங்கிவிட்டார்.

வாங்க முடியும்னா என்னோடதை எதுக்குப் புடுங்கணும்? என்னோடது நின்னா நான் ஸ்லோ, அவனோடது நின்னா சிஸ்டம் ஸ்லோ. இதுல உக்காந்து மெமரியை நோண்டிட்டு இருந்திருக்கேன், பைத்தியக்காரி.

செப்டம்பர் 3

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே மெமரி. இன்று நான் நாலு ஃப்ளெக்ஸ் முடித்தேன், அவன் ஒன்று. சாயங்காலம் துரைராசு கூப்பிட்டார். "முகூர்த்தம் முடிஞ்சதும் நீ வேலைய விட்டு நின்னுக்கம்மா. அதுக்குள்ள தம்பிக்கு வேலையைச் சொல்லிக் குடுத்துரு."

"இன்னைக்கே நின்னுக்கறேன்" என்றேன். சம்பளத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

மூஸா பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்து ஒரு வாரம். துரைராசுவின் பழைய பார்ட்டி வள்ளியம்மை அக்கா என்னைத் தேடி வந்தார். மகன் கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ். எங்கே கட்டுவதென்று கேட்டேன். துரைராசு கடைக்கு நேர் எதிரே, பேராவூரணி கடைத்தெருவில்.

கீழே பாய் கடை போன் நம்பருக்கு மேலே, "டிசைன்: சுடர்விழி" என்று என் பெயரைப் போட்டேன். மணமக்கள் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்து அதுதான். அக்கா என் பெயரை விரல் வைத்துப் படித்தார்.

"கல்யாணம் முடிஞ்சும் ஒரு வாரம் தொங்கட்டும்மா" என்றார்.