பத்து நாற்பதுக்கு ஓய்வு

ஐப்பசி 4, திங்கள்
விடியலிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. பஸ் ஓட்டும்போது எனக்கு நெஞ்சு படபடக்கிறதென்று என் வீட்டுக்காரி சரோஜா டாக்டரம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். நெஞ்சில் ஐந்து ஒயர், இடுப்பில் சின்னப் பெட்டி. ஒரு நாள் முழுக்க இதயம் அடிப்பதைப் பதியுமாம். எந்த நேரம் என்ன செய்தேன் என்று எழுத ஒரு தாள்.

கண்டக்டர் ரஹீம்: "இன்னாண்ணே இடுப்புல? வெடிச்சிடப் போவுது!"
ராக்கெட்டில் போகிறவனுக்குக் கட்டுவது, ஜில்லாவில் எனக்குத்தான் முதலில் என்றேன்.

கீழ்பென்னாத்தூர் எட்டு நடை. டீ 5, பன் 2, சோறு இல்லை. 10.40க்கு, பின்னால் வந்த பஸ் முந்தப் பார்த்தது. விடுவேனா? எதிரில் லாரி. ஒரு முழம் இடத்தில் பூ மாதிரி நுழைத்தேன். பஸ்ஸே கைதட்டியது.

தாளில்: 10.40 – ஓய்வு. நிஜத்தை எழுதி ஸ்டியரிங் கையைவிட்டுப் போய்விட்டால்?

செவ்வாய்
பெட்டியும் தாளும் கொடுத்தாச்சு.
"உள்ளத உள்ளபடி எழுதினீங்களா?" – சரோஜா.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது பார் என்றேன்.

புதன். மழை.
டாக்டரம்மா: "பத்து நாப்பதுக்கு ஓய்வா?"
"ஆமாங்கம்மா."
"சும்மா உக்காந்திருந்தே இதயம் இப்படி ஓடிச்சின்னா ஆபத்து. இனிமே வண்டியத் தொடக்கூடாதுன்னு எழுதணும்."
எல்லாம் சொன்னேன். முந்தல், லாரி, பட்டினி, விசேஷ நாளில் இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்டுவது, கைதட்டல்.
"யாரு தட்டினாங்க?"
பக்கத்தில் இருந்த சரோஜா என்னையே பார்த்தாள்.
"யாரும் தட்டலைங்க. ரஹீம் சீட்டுக் கம்பியப் புடிச்சிகினு கண்ண மூடிட்டான்."
மாத்திரை ஒன்று. வேளைக்குச் சோறு. ஒரு ஷிப்ட்தான். முதலாளியிடம் நானே சொல்ல வேண்டும். பௌர்ணமியன்று திரும்பப் பெட்டி. அதைப் பார்த்துத்தான் தொடர்ந்து ஓட்டலாமா என்று சொல்வாராம்.

வியாழன்
"பௌர்ணமிக்கு ஒரு ஷிப்ட்தாங்க முடியும்."
முதலாளி: "உன்ன மாதிரி யாருய்யா ஓட்டுவான்?"
இதைக் கேட்கத்தானே இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன்.
"ஒருத்தனும் ஓட்டமாட்டான். ஆனா முடியாதுங்க."
இரண்டாவது ஷிப்டில் என் பெயரை அடித்தார். "சரி, போ."

வெள்ளி, பௌர்ணமி
நல்ல வெயில். கிரிவலக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பின்னால் அதே பஸ், அதே ஹாரன்.
தாளில்: 10.40 – ஓரம் கட்டி வழிவிட்டேன். ரஹீம் கைதட்டினான்.
இது நிஜம்.