நான் மூக்கைத் துடைத்த மூன்று முயல்கள்

1992 ஆவணி, வெள்ளிக்கிழமை.

ஆய்வுகூடத்தில் முயல்களைப் பராமரிப்பது என் வேலை. டொக்டர், என் மகள் வயதுப் பிள்ளை, தடுப்பு மருந்தோடு வாந்திபேதிக் கிருமியின் புரதத்தையும் கலந்து முயல்களின் மூக்கில் விடுவாள். அந்தப் புரதம் சேர்ந்து மூக்கின் உட்தோல் வழியாகப் போனால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் கூடுமாம். இன்று சோதித்தபோது ஆறில் மூன்றுக்குக் கூடவில்லை.

"உந்தப் புரதத்தை நம்பேலாது எண்டு எழுதிப்போட்டு நாளைக்கு வெளிக்கிடுறன், அப்பு," என்றாள்.

ஊரை விட்டு வெளியே போக, இயக்கத்திடம் ஆறு மாதம் அலைந்து பாஸ் எடுத்திருந்தாள். வவுனியாவில் அவளுடைய குழந்தை காத்திருக்கிறது.

அந்த மூன்று முயல்களும் மருந்து விட்டதும் தும்மின. பாவம் என்று நான்தான் சால்வையால் மூக்கைத் துடைத்துவிட்டேன்; மருந்தும் அதோடு போயிருக்கும். சொன்னால் நின்றுவிடுவாள். சொல்லாவிட்டால் பிழையைக் கொண்டுபோவாள். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எந்தெந்த முயல்? எப்ப?"

கூட்டையும் கிழமையையும் பிசகாமல் சொன்னேன்.

"உவ்வளவு ஞாபகம் இருக்கு, எனக்குச் சொல்ல மட்டும் மறந்து போச்சோ?"

"ஏசுவியள் எண்டு பயந்திட்டன், பிள்ளை."

சிரித்தாள். திரும்பி வந்து மேசை லாச்சியை இழுத்துப் பாஸை அதற்குள் வைத்தாள்.

"திரும்பச் செய்யவேணும். வேறை மூண்டு முயல் பாருங்கோ, அப்பு."

அந்தப் பாஸ் நாளையோடு முடிகிறது. குழந்தைக்கு என்ன எழுதுவாளோ. சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முயல் பார்க்கப் போனேன்.