ஆப் சரியாகத்தான் சொன்னது

ஷாஹிதா,

அத்தாவுக்கு இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கேட் சாவி அரிசி டப்பாவுக்குள்.

அவருடைய மறதி நோய்க்காகப் போட்ட ஆப் நேற்று வேலை செய்யவில்லை என்று உன்னிடம் கத்தினேன். அது பொய். அவர் வீட்டை விட்டு இறங்கியதுமே என் போனுக்குச் செய்தி வந்தது. நீ நெருப்பெரிச்சல் ஊர் முழுக்கத் தேடி அலைந்தபோது, அவர் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் லுங்கி நழுவ நின்றிருந்தார். என் பக்கத்தில் ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர். "ஏனுங்க, இவரு உங்க ஊட்டு ஆளுங்களா?" என்றார் வாட்ச்மேன். பெற்ற தகப்பனை "தெரியாதுங்க" என்றேன். மாதக்கணக்கில் மறந்திருந்த என் பெயரை அத்தா அப்போது கூப்பிட்டார்: "யாசினு!" நான் உள்ளே போய்விட்டேன். சட்டைப்பையில் இருந்த முகவரியைப் பார்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியது வாட்ச்மேன்தான்.

யாசின்

பி.கு: காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க. உங்க பேரு என்னங்க?" என்றார்.