எந்தக் கறுப்பை இழுப்பது?

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க. உங்ககூட இன்னும் பேச்சு கிடையாது, அதனாலதான் இந்தச் சீட்டு.

படகுக் கொட்டகைச் சாவி என்கிட்ட இருக்கு. நம்ம பாய்மரப் படகுல நீங்க ஆசை ஆசையா மாத்தின நாலு கயிறையும் கழட்டிட்டேன். பாக்க அழகா இருக்கும்னு எல்லாத்தையும் ஒரே கறுப்புல வாங்கினா, போட்டி நடுவுல எது எந்தக் கயிறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாயை இறுக்கறேன்னு நெனச்சு, படகை நேராப் பிடிக்கற அடிப்பலகையைத் தூக்கிட்டேன். படகு நண்டு மாதிரி பக்கவாட்டுல போய் நடுவர் படகுல முட்டிச்சு. "கண்ணு எங்க இருந்துச்சு"ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்களே, அது இன்னும் ஆறல.

இப்ப பாய்க்குச் சிவப்பு, பலகைக்கு மஞ்சள்னு வாங்கிக் கட்டப் போறேன்.

உங்க கயிறு வீணாகல. பால்கனியில துணி காயப்போடற கம்பியை மேல தூக்கி நிறுத்த ஒண்ணு, வெயில் திரைக்கு ஒண்ணு கட்டியிருக்கேன். பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. நல்ல கயிறுதான், ஈரப் போர்வை போட்டும் தொய்யல.

சாயங்காலம் நடுவர் அவர் படகுக் கீறலைப் பத்திப் பேச வரார். பால்கனியில உக்கார வைங்க. வெயில் அடிச்சா திரையை இறக்குங்க. கயிறை மாத்தி அவிழ்த்தீங்கன்னா ஈரப் போர்வை அவர் தலையில இறங்கும். கண்ணு எங்க இருந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன், அவரே கேப்பார்.

பி.கு.: படியிறங்கிட்டுத் திரும்பி வந்தேன், மனசு கேக்கல. திரைக் கயிறு நுனியில சிவப்பு நூல் கட்டியிருக்கேன்.