கேட்ட பக்கத்திலிருந்து வரும் வாயு

ஜூன் 4

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயில்லாப்பூச்சி என்று நீ பெயர் வைத்தது சும்மாவா?

அம்மாவைப் பக்கவாதம் படுக்கப் போட்டதிலிருந்து வார்த்தையே இல்லை. "த்தா, த்தா" என்று ஒரு சத்தம் மட்டும். தண்ணீருக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். சலவைக்கூடத்தில் அம்மா நின்ற இஸ்திரி மேசை முன்னால் இப்போது நான் நிற்கிறேன். அத்தனை இயந்திர இரைச்சலையும் தாண்டி அவள் குரல் கேட்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "உங்கம்மா வாயில கால்வாசி உனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று சிரிக்கிறார்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் அம்மாவின் முன்னாலேயே சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ஒரே ஒரு வார்த்தை அவ வாயிலிருந்து வரட்டும், வீட்டிலேயே வச்சுக்கலாம். இல்லன்னா முதியோர் இல்லத்துல விட்டுடுவேன். நீயும் வேலைக்குப் போயிடுற. என் நெஞ்சு இருக்கிற லட்சணத்துக்கு நான் தூக்கி உட்கார வைக்க முடியுமா?" அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிகிறது, அக்கா.

போன முறை வந்தபோது, உங்கள் ஆய்வுக்கூடத்தில் மூளைக்குள் இருக்கும் ஒரு வாயுவைப் பற்றி ஆராய்கிறீர்கள் என்று சொன்னாயே. அதனால் அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் எட்டாவதோடு நின்றவள்.

உன் பூச்சி

ஜூன் 11

என் செல்லப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்த வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. மூளையில் ஒரு செல் பேசும், அடுத்த செல் கேட்கும். நடுவில் மிகச் சின்ன இடைவெளி. பேசுகிற செல் தன் ரசாயனத்தை முன்பே பொட்டலம் கட்டி வைத்திருந்து அந்த இடைவெளியில் கொட்டும். இந்த வாயுவை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. கேட்கிற செல்லுக்குச் செய்தி பலமாக வந்து சேர்ந்தால், அது அப்போதே தயாரித்துக்கொள்ளும். கதவும் வேண்டாம், வாசலும் வேண்டாம். உங்கள் கூடத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை எல்லா இடத்துக்கும் வருமே, அப்படிச் செல்லின் சுவரைத் தாண்டிப் பரவும். செய்தி வந்த வழியே திரும்பி, பேசிய செல்லிடம் போய், "கேட்டுச்சு, இன்னும் சொல்லு" என்று சொல்லும் என்று வைத்துக்கொள். அதன் ஆயுள் சில வினாடிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டுக்கும் நடுவில் பேச்சு பலப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் தட்டில் வைத்திருக்கும் செல்களில் இந்த வாயுவைத் தடுத்தோமானால், முதல் செல் எவ்வளவு பேசினாலும் சில இடங்களில் இணைப்பு பலப்படுவதே இல்லை.

ஒரு வேடிக்கை கேள். நெஞ்சு வலித்தால் மாமா நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைப்பாரே, அதுவும் உடம்புக்குள் போய் இந்த வாயுவைத்தான் தருகிறது!

இந்த மாதம் வர முடியாது. லீவு என்று வாயைத் திறந்தாலே எங்கள் தலைமை ஆய்வாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மாமாவிடம் நானே பேசுகிறேன். நீ கவலைப்படாதே.

அக்கா

ஜூன் 20

அக்கா,

நான் அம்மாவைக் கொன்றிருப்பேன்.

நீ மாமாவிடம் பேசுவாய் என்று போன் மணி அடிக்கும்போதெல்லாம் பார்த்தேன். வரவில்லை. மாமா இல்லத்துக்குப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் பக்கம் கட்டில் கிடைத்ததாம். அதைச் சந்தோஷமான செய்தி போலச் சொன்னார். எனக்கு உன் கடிதத்தில் இருந்த அந்த மாத்திரை மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதே வாயுதானே? அம்மாவின் மூளையில் வர வேண்டியது வராவிட்டால், நாம் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். மாமா குளிக்கப் போனபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அம்மாவின் நாக்குக்கு அடியில் வைத்தேன். என்னை நம்பி வாயைத் திறந்தாள், அக்கா.

முகம் குப்பென்று சிவந்தது. வார்த்தை வரப்போகிறது என்று நினைத்து நான் சிரித்தேன். பிறகு முகம் வெளுத்து, வேர்த்து, தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர், "என்ன குடுத்தீங்க? சீக்கிரம் சொல்லும்மா" என்று கேட்கிறார், எனக்கு வாய் திறக்கவில்லை. மாத்திரை டப்பாவை மட்டும் நீட்டினேன். மாமா ஆஸ்பத்திரி நடையிலேயே கத்தினார்: "பெத்தவளையே மேல அனுப்பி வைக்கப் பார்த்தியாடி?"

இப்போது அம்மா கண் திறந்துவிட்டாள். ஆனால் பக்கவாதம் அழித்தது போக, நான் இன்னும் எத்தனை செல்லை எரித்தேன்? உனக்குத்தான் தெரியும். உடனே எழுது. வந்தால் இன்னும் நல்லது. இல்லத்துக்குப் போகும் நாள் ஒன்றாம் தேதி.

பூச்சி

ஜூன் 26

பூச்சிக்கு,

உன்னை யார் செய்யச் சொன்னது? வேடிக்கையாக எழுதியதை மருந்துச் சீட்டு என்றா எடுத்துக்கொள்வாய்?

அந்த மாத்திரை மூளைக்குப் பேசக் கற்றுத் தராது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அழுத்தம் இறங்கியதால்தான் அம்மா சாய்ந்தாள். புதிதாக எதுவும் எரிந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கவாதத்தின்போது மூளையிலேயே இந்த வாயு அளவுக்கு மீறிச் சுரந்து விஷமாகிறது. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கேட்கிற செல் அந்த இடத்தில், அந்த வினாடியில் தானே தயாரிக்க வேண்டிய வாயு அது. வெளியிலிருந்து ஊற்ற முடியாது.

என் போன கடிதத்தைக் கிழித்துப் போடு. டாக்டர் கேட்டால் என்னைப் பற்றிச் சொல்லாதே. இங்கே தெரிந்தால் என் வேலை போய்விடும். ஒன்றாம் தேதி வர முடியாது.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இன்று காலை வாசலுக்கு வேன் வந்தது. மாமாவும் ஓட்டுநரும் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினார்கள். அம்மா "த்தா, த்தா" என்றாள். மாமா, "சரி சரி, ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று தட்டிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் தட்டில் அந்த வாயுவைத் தடுத்தீர்களே, நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அம்மாவைப் பேசு பேசு என்று பிடுங்கினோம். அவள் பேசியபோதெல்லாம் சும்மா இரு என்றோம்.

கதவைச் சாத்தப் போனார்கள். தெருவில் அத்தனை பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் கத்திவிட்டேன்: "கேட்டுச்சும்மா! எனக்குக் கேட்டுச்சு! இன்னும் சொல்லு!"

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அம்மா நல்ல கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக. சலவைக்கூடத்தில் கூப்பிடுவாளே, அந்தச் சத்தம். வார்த்தை இல்லைதான். வேன் போய்விட்டது. திருப்பம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்ததும் தினமும் அங்கே போகப் போகிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அவள் எதைச் சொன்னாலும் கேட்டுச்சு என்று சொல்வேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் இனிமேல் உனக்கு எழுத நேரம் இருக்காது.

நீ எழுதியதெல்லாம் எனக்குக் கேட்டது, அக்கா.

பூச்சி